ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று தமிழ்நாடு முழுவதும் சொல்லுகிறார்களே, அந்த ஆறு எங்கள் விருத்தாசலத்து மணிமுத்தாறுதான். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து ஈசனிடம் 12,000 பொன் பெற்று, அதை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார் என்பது புராணம். நாயனாருக்குப் பொன் கிடைத்தது. நம்மைப் போன்றவர்கள் அப்படித் தேடினால் சேறுதான் கிடைக்கும்.

வழக்கமாக இந்தப் பகுதியில் பள்ளிக்கூட விஷயங்களை எழுதுகிறவன், இந்த வாரம் அந்தப் பழமொழியைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. மனத்தில் விழுந்த கவலையை மார்பிலும் தொண்டையிலும் வயிற்றிலும் தேடி அலைகிறவர்கள் நம் குடும்பங்களில் அநேகம் பேர். அவர்கள் பொய்க்காரர்கள் அல்ல. நோய் நடிக்கிறவர்களும் அல்ல. அவர்கள் படுகிற அவஸ்தை நிஜம். தேடுகிற இடந்தான் வேறு.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பீங்கான் சாமான் வியாபாரி. பொம்மைகளும் அகல் விளக்குகளும் பெட்டி பெட்டியாக வெளியூருக்கு அனுப்புகிறவர். சரக்கு போய்ச் சேர்ந்த வேகத்தில் பணம் வந்து சேரவில்லை. மூத்த பெண்ணுக்கு வேறு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தச் சித்திரை மாதத்தில் ஓர் இரவு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உடனே ஆஸ்பத்திரி, இ.சி.ஜி. இருதயம் நன்றாயிருக்கிறது என்றார்கள். படபடப்பு நின்றது. ஆடியில் தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ அடைத்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. புரட்டாசியில் வயிறு கலங்கிற்று. கார்த்திகையில், வியாபாரம் மும்முரமாக நடக்க வேண்டிய வேளையில், கால் விரல்களில் எறும்பு ஊர்வது போல் மதமதப்பு. விருத்தாசலத்தில் ஆரம்பித்த பிரயாணம் கடலூர், புதுச்சேரி, சென்னை என்று நீண்டது. சீட்டுகளும் படங்களும் சேர்ந்த கட்டு, பெண்ணின் கல்யாண ஜவுளிக் கட்டைவிடப் பெரிதாகிவிட்டது.

அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "மாசி மகத்துத் தேர் மாதிரி சார் இவருக்கு வர்ற வியாதி. நாலு வீதியும் சுத்தாம நிலைக்கு வரமாட்டேங்குது."

இதைவிடச் சரியாக எந்த வைத்தியரும் சொல்லியிருக்க முடியாது. தேர் ஒன்றுதான், வீதிகள் வேறு.

பயத்துக்கும் தேகத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிய சங்கதியல்ல. உள்ளத்து உணர்ச்சி உடம்பிலே தோன்றுவதைத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்றே பெயரிட்டு ஓர் இயல் முழுவதும் பேசுகிறார். அச்சம் நான்கிலிருந்து பிறக்கும் என்பது அவர் கணக்கு: தெய்வம், விலங்கு, கள்வர், அரசர். வராத பாக்கியும், விடியற்காலையில் நினைவுக்கு வரும் கடன் தவணையும் அவர் பட்டியலில் இல்லை. ஆனால் நம் உடம்பு, புலியைக் கண்டால் என்ன செய்யுமோ அதையேதான் கடன்காரனை நினைத்தாலும் செய்கிறது. கிராமங்களில் 'பயந்த கோளாறு' என்று வெட்கமில்லாமல் சொல்லி வேப்பிலை அடிப்பார்கள். வேப்பிலையால் என்ன ஆகிறது என்ற வாதம் இருக்கட்டும். காரணத்துக்குப் பயம் என்று பெயர் வைத்தார்களே, அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். படித்த நாம்தான் 'கேஸ்' என்றும் 'பித்தம்' என்றும் பெயர் மாற்றிச் சோடா குடிக்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன? மூளை அபாயம் என்று சொன்னவுடன், சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ரசத்தை ரத்தத்தில் விடுகின்றன. ஓடவோ சண்டையிடவோ தயாராக வேண்டுமல்லவா? இருதயம் வேகமாய் அடிக்கிறது. ஜீரண வேலையை ஒத்திவைத்து ரத்தம் கைகால்களுக்குப் போகிறது; வயிறு கலங்குகிறது, வாய் வறளுகிறது. கழுத்தும் தோளும் முறுக்கேறுகின்றன. இரண்டு நாள் அப்படியே இருந்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்? மூச்சும் வேகமாகிறது. ஆனால் ஓடுவதற்கோ புலி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓடுகிறவனின் மூச்சை விட்டால், ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் தலை கிறுகிறுக்கிறது, உதடும் விரல் நுனியும் மதமதக்கின்றன, சில சமயம் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளவும் செய்கின்றன. என் நண்பரின் கால் விரல் எறும்புகள் இந்தப் புற்றிலிருந்து வந்தவைதான். மூச்சை வெளியே விடும் நேரத்தை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட நீளமாக்கி, மெதுவாகச் சில நிமிஷம் விட்டால் எறும்புகள் தாமாகவே போய்விடும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை இப்போது டாக்டர்கள் சொல்லுவதில்லை; நிஜமாகவே இருதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவருக்கு அது ஆபத்தாகலாம்.

சரி, இடம் ஏன் மாறுகிறது? இதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பையன் தலையில் பேன் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் 40 கைகள் 40 தலைகளைச் சொறியும். கவனம் எங்கே போகிறதோ அங்கே உடம்பு பேசத் தொடங்குகிறது. நெஞ்சைப் பற்றிய பயம் இ.சி.ஜி.யால் தீர்ந்தால், காவல் காரனுக்கு வேலை போய்விடவில்லை. அவன் அடுத்த வாசலுக்குப் போய் நிற்கிறான். தொண்டையில் எப்போதும் இருக்கும் சிறு அசைவுகூட அப்போது அவன் கண்ணில் திருடனாகப் படுகிறது. புதிய இடத்தில் தோன்றுவதால், 'இது பழைய கவலை அல்ல, இது வேறு வியாதி' என்று ஒவ்வொரு தடவையும் நம்பத் தோன்றுகிறது. இந்த நோயின் தந்திரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மேல்நாட்டு டாக்டர்களும் முதலில் குளத்தில்தான் தேடினார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் நெஞ்சுப் படபடப்பும் மார்வலியும் மூச்சுத் திணறலுமாக வந்த சுமார் 300 சிப்பாய்களைப் பரிசோதித்த டா கோஸ்டா என்னும் வைத்தியர், 1871-ல் அதை ஒருவகை இருதயக் கோளாறு என்றே எழுதினார். முதல் உலக யுத்தத்திலும் அதே கூட்டம் வந்தது. இங்கிலாந்தில் தாமஸ் லூயிஸ் அவர்களைப் படுக்கையில் கிடத்தாமல், படிப்படியாகத் தேகப் பயிற்சி கொடுத்து எழுப்பினார். 1941-ல் பால் வுட் என்னும் இருதய நிபுணர், இது பெரும்பாலும் இருதயத்தின் நோயே அல்ல, பயத்தின் வேலை என்று எடுத்துக்காட்டினார். ஆற்றுக்கு வந்து சேர 70 வருஷம் ஆயிற்று!

ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற பெண்மணி, விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் வயதில் இதே படபடப்பால் நெடுநாள் துன்பப்பட்டார். யுத்தத்திலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், போர்க்களத்தில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, இது பயம் செய்கிற காரியம் என்று விளக்கியதும் அவருக்குத் தெளிவு பிறந்தது. பிற்பாடு வைத்தியம் படித்து டாக்டரானார். 1962-ல் நரம்புத் தளர்ச்சியால் வருந்துகிறவர்களுக்காக அவர் எழுதிய புத்தகம் உலகெங்கும் பரவிற்று. முதலில் எழும் பயம் நம் வசத்தில் இல்லை. அந்தப் பயத்தைக் கண்டு பயப்படுகிறோமே, அந்த இரண்டாவது பயந்தான் வியாதியை வளர்க்கிறது என்பது அவர் கண்டது. வந்ததை எதிர்கொள், இருக்கட்டும் என்று ஒப்புக்கொள், முட்டி மோதாமல் மிதந்து செல், காலம் போகட்டும் என்று விடு: இவ்வளவுதான் அவர் வைத்தியம். சொல்ல எளிது. வெள்ளத்தில் விழுந்தவனிடம் கைகால் உதைக்காதே, மிதந்து போ என்றால் உடனே கேட்டுவிடுவானா? பழக வேண்டும்; மாதக்கணக்கில் பழக வேண்டும்.

என் நண்பரிடம் இதை அவர் தொழிலைக் கொண்டே சொன்னேன். சூளையில் 1,200 டிகிரி சூடு ஏறி இறங்கும்போது, உள்ளே சாமான் என்ன ஆயிற்றோ என்று ஆறுவதற்கு முன்னால் கதவைத் திறந்து பார்க்கிறவர் உண்டா? குளிர்ந்த காற்றுப் பட்டால் நல்ல சாமானும் விரிசல் விடும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் ஒரு நாளைக்கு 30 தடவை நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 2020-ல் கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் விரலைவிட்டு இறங்குவதே இல்லை. கைக்கடிகாரமும் துடிப்பை எண்ணுகிறது. நள்ளிரவில் கைப்பேசியில் வியாதிகளின் பெயர்களைத் தேடுகிறார். ஒவ்வொரு தடவை பார்த்ததும் ஐந்து நிமிஷம் நிம்மதி. அதற்கப்புறம் முன்னிலும் பெரிய சந்தேகம். ஆக்சிமீட்டரை அவர் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டினார். முதல் வாரம் வீட்டில் யுத்தம். நான்காவது வாரத்தில் அவர் அதைக் கேட்கவில்லை.

இப்படிச் சொல்வதால் டாக்டரிடமே போகாதீர்கள் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. ரத்தக் குறைவும், தைராய்டு மிகையும் இதே படபடப்பைத் தரும். மார்வலி அழுத்தமாக வந்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் இது கவலையா வியாதியா என்று ஆராய்ந்துகொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. உடனே போக வேண்டும். எங்கள் ஊருக்கென்று மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. படிகக்கல் தூளும் களிமண் தூளும் பறக்கும் இடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்தவருக்கு மூச்சு வாங்கினால், 'மனப்பயம்' என்று தட்டிவிடுவது மகாபாவம். அந்தத் தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ், 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்ற நோய். ஏழைத் தொழிலாளி இருமினால் நரம்புத் தளர்ச்சி என்பதும், பணக்காரர் ஏப்பம் விட்டால் ஸ்கேன் எடுப்பதும் நாம் அடிக்கடி காணும் விசித்திரம்.

ஆகவே ஒரு டாக்டரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் சொல்லும் பரிசோதனைகளை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதே சங்கதி வேறு வீதியில் வந்தால் புது டாக்டரைத் தேடி ஓடாமல், அவரிடமே போய், "இதுவும் அந்தத் தேர்தானா?" என்று கேளுங்கள். அவர் மனநல டாக்டரிடம் போகச் சொன்னால் போங்கள். அது பைத்தியக்காரப் பட்டமல்ல. பேசித் தீர்க்கும் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. நல்ல மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்களாகும். மருந்துக்கடையில் யார் பெயரையோ சொல்லி வாங்கும் ஆல்பிரசோலம் மாத்திரையோ அரைமணியில் அமைதி தந்து, மெல்ல அடிமையாக்கிவிடும். டாக்டரிடம் போகக் கூசுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். இந்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச ஏற்பாடு அது. தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும்.

படபடப்பு முழுவதும் போன பிறகுதான் காரியம் செய்வேன் என்று காத்திருப்பவர்களுக்கு மகாத்மா காந்தியின் கதையைச் சொல்ல வேண்டும். 1891-ல் சீமையிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பியவர், பம்பாயில் சின்ன வழக்குக் கோர்ட்டில் தம் முதல் வழக்குக்காகச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றிற்று, கோர்ட்டே சுற்றுவதாகத் தோன்றிற்று, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்தக் கூச்சம் தென்னாப்பிரிக்காவில்தான் குறைந்தது. ஒரேயடியாகப் போய்விடவில்லை என்றும் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். அது போகும் வரையில் அவர் காத்திருந்தாரானால் நம் கதி என்ன?

என் நண்பரும் கல்யாணம் காட்சிகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ரயிலில் ஏறினால் நடுவழியில் ஏதாவது ஆகிவிடுமே என்று திருச்சி மார்க்கமே மறந்துபோயிற்று. ஜங்ஷன் இருக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு ரயிலுக்குப் பயப்படுவது என்ன வாழ்வு! முதலில் ஒரு ஸ்டேஷன் தூரம் போய் வந்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது, அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். இப்போது திருச்சிக்குப் போய் வருகிறார். நெஞ்சு இன்னும் சில நாள் அடித்துக்கொள்கிறதாம்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. பொதுத் தேர்வுக் காலம் வந்தால், கணக்குப் பரீட்சையன்று வயிற்றுவலி, ஆங்கிலத்தன்று தலைவலி என்று வரும் பிள்ளைகளை வருஷந்தோறும் பார்க்கிறேன். "நடிக்கிறாயா?" என்று அதட்டாதீர்கள், வலி மெய்யாகவே இருக்கிறது. "பாவம், இன்றைக்குப் போக வேண்டாம்" என்று படுக்க வைக்கவும் வேண்டாம். அடுத்த பரீட்சைக்கு அது இரட்டிப்பாக வரும். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு இட்லியைக் கொடுத்து, "வலி இருக்கட்டும், வா போகலாம்" என்று பள்ளிக்கூட வாசல் வரையில் கூட நடந்து வாருங்கள். மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து நான் அறைக்குள் சுற்றி வரும்போது, வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் பெரும்பாலும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பான்.