எண்ணிக்கை சொல்லும் அரசு, நிலைமை கேட்குமா?

புதுடில்லி: வெளிநாடுகளில் ஐந்தாண்டுகளில் 633 இந்திய மாணவர்கள் உயிரிழந்தனர் என, 2024 ஜூலையில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. வெளியுறவுத் துறை இணையமைச்சர் கீர்த்தி வர்தன் சிங் அளித்த பதிலின்படி, கனடாவில் 172 பேரும் அமெரிக்காவில் 108 பேரும் இறந்தனர்.

இவர்களில் தாக்குதலுக்குப் பலியானோர் 19 பேர். அந்த 19 மரணங்களே தலைப்புச் செய்திகளாயின. எஞ்சிய 614 குறித்து அவையிலும் வெளியிலும் பேச்சு குறைவு.

அரசுக் கணக்குப்படி 2024ல் வெளிநாடுகளில் படித்தோர் 13.35 லட்சம் பேர். ஆந்திராவின் பலமனேர் போன்ற சிறு நகரத்திலிருந்து கடன் வாங்கிச் செல்லும் மாணவருக்கு, படிப்போடு வேலையும் கட்டாயமாகிறது. வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வரை வேலை பார்க்க, 2024 நவம்பரில் கனடா அனுமதித்தது. அந்த நேரம் பெரும்பாலும் படிப்பிலும் உறக்கத்திலும்தான் குறையும்.

குறை தீர்க்க, 2015ல் தொடங்கிய 'மதத்' இணையதளம் உள்ளது. புகார் வந்தால் அது இயங்கும். தனிமையும் மனச்சோர்வும் புகாராக வருவது அரிது.

உறக்கம், படிப்பு, வேலை, கடன் ஆகிய நான்கையும் பற்றி மாணவர்களைக் கொண்டே ஆண்டுதோறும் ஆய்வு நடத்தலாம். தூதரகங்கள் துணை நிற்கலாம். செலவு அதிகமில்லை. இந்தியாவில் 2021-22ல் பயின்ற 46,878 வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே அக்கறை பொருந்தும்.

எத்தனை பேர் இறந்தனர் எனக் கேட்கும் எம்.பி.,க்கள், இருப்போர் எப்படி இருக்கின்றனர் என்றும் கேட்க வேண்டும். கேள்வி மாறினால்தான் பதிலும் மாறும்.