பழைய கருவியும் புதிய கருவியும்: ஸ்மார்ட் வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

புது தில்லி: ஒரு வீட்டின் மின்கம்பிகள் 20, 30 ஆண்டுகள் வரை நீடிக்கின்றன. மின்விசிறியும் ஏசியும் 10 ஆண்டுகளைக் கடந்து இயங்குவது இந்திய வீடுகளில் சாதாரணம். ஆனால், அவற்றைக் கைப்பேசி வழியே இயக்க உதவும் ஸ்மார்ட் கருவிகள் பலவற்றின் ஆயுள், தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருள் ஆதரவு நீடிக்கும்வரை மட்டுமே. பழைய கருவிகளையும் புதியவற்றையும் சேர்ந்து இயங்கச் செய்வதில் உள்ள சிக்கலின் வேர் இதுதான். தொழில்நுட்பத் தடைகளுக்குப் பெருமளவு தீர்வு கிடைத்துவிட்டது. எத்தனை ஆண்டுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்கும் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது

வீட்டுத் தானியக்கம் புதிதன்று. ஸ்காட்லாந்தின் பிகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் உருவாக்கிய எக்ஸ்-10 முறை, வீட்டின் மின்கம்பிகள் வழியாகவே கட்டளைகளை அனுப்பியது. பின்னர் ஜிக்பீ, இசட்-வேவ் ஆகிய ரேடியோ அலை நெறிமுறைகள் வந்தன. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. அலைவரிசையும் தடையாகிறது. இசட்-வேவ் கருவிகள் இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும், அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இயங்குகின்றன. எனவே, அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் இசட்-வேவ் கதவுப் பூட்டு, இந்தியாவில் வாங்கிய மையக் கருவியுடன் இணையாது.

இந்தப் பிரிவினைக்குத் தீர்வாக ஆப்பிள், கூகுள், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய 'மேட்டர்' என்ற பொதுத் தரநிலை 2022 அக்டோபரில் வெளியானது. பழைய கருவிகள் அனைத்தும் இதற்கு நேரடியாக மாற இயலாது. போதிய நினைவகமோ, பொருத்தமான ரேடியோ பகுதியோ அவற்றில் இருப்பதில்லை. அத்தகையவற்றுக்கு 'பிரிட்ஜ்' எனப்படும் இடைக்கருவி மொழிபெயர்ப்பாளராகச் செயல்படுகிறது. பிலிப்ஸ் ஹியூ 2023 செப்டம்பரில் தனது பிரிட்ஜுக்கு மேட்டர் வசதியை வழங்கியபோது, அதனுடன் இணைந்திருந்த ஜிக்பீ பல்புகளை எவரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்திய வீடுகளின் நிலை

இந்திய வீடுகளில் சிக்கல் இன்னும் எளிய இடத்தில் தொடங்குகிறது. பழைய ஏசியை ஸ்மார்ட் கருவியாக்க, ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிர்களை அனுப்பும் சிறு கருவி போதும். ஆனால், இது பெரும்பாலும் ஒருவழித் தொடர்பு. வீட்டில் இருப்பவர் பழைய ரிமோட்டால் ஏசியை நிறுத்திவிட்டால், அது ஓடிக்கொண்டிருப்பதாகவே செயலி காட்டக்கூடும்.

மின்விசிறியில் நிலைமை நேர்மாறானது. மின்சாரத்தைச் சேமிக்கும் பிஎல்டிசி மின்விசிறிகளைப் பழைய ரெகுலேட்டருடன் இணைக்கக் கூடாது. வேகக் கட்டுப்பாட்டுக்காக முன்பு பொருத்திய ஸ்மார்ட் ரெகுலேட்டர், புதிய மின்விசிறி வந்ததும் பயனற்றுப் போகிறது. இங்கு புதிய பொருள்தான் பழைய முதலீட்டை வீணாக்குகிறது.

தொலைவில் உள்ள சர்வர்

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நிறுவனத்தின் சர்வர் நிறுத்தப்படுவதுதான் நுகர்வோரின் கையை மீறியது. அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தனது சர்வர்களை நிறுத்தியது. பின்னர் பயனர்கள் சிலரே நிறுவனத்தை வாங்கிச் சேவையை மீட்டனர். முதல் இரு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கான ஆதரவை கூகுள் 2025 அக்டோபரில் நிறுத்தியது.

வீமோ கருவிகள் பலவற்றுக்கான இணையச் சேவை 2026 ஜனவரி 31-உடன் முடிவதாக பெல்கின் நிறுவனம் 2025-இல் அறிவித்தது. ஆனால், ஆப்பிளின் ஹோம்கிட் அமைப்பில் ஏற்கெனவே இணைக்கப்பட்ட கருவிகள் தொடர்ந்து இயங்கும் என்றும் அது தெரிவித்தது. நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்த கருவிக்கு ஒரு விதி, வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கட்டளை பெறும் கருவிக்கு வேறொரு விதி. இந்த வேறுபாட்டைக் கடையில் எவரும் விளக்குவதில்லை.

பெட்டியின் மீது ஓர் ஆண்டு

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணைய வசதியுள்ள பொருட்களுக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் ஆய்வு செய்த 184 பொருட்களில், 163 பொருட்களின் இணையப் பக்கங்களில் இந்தத் தகவல் இல்லை.

இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. செல்பேசி, மின்னணுப் பொருட்களுக்கான பழுதுநீக்கக் குறியீடு பற்றிய குழுவின் அறிக்கையும் 2025 மே மாதம் அளிக்கப்பட்டது. உதிரிபாகம் கிடைப்பது போலவே மென்பொருள் ஆதரவும் பழுதுநீக்கத்தின் பகுதிதான். திருகாணியும் ஸ்பேனரும் சரிசெய்ய முடியாத பழுது அது.

முன்மாதிரிக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 2023 முதல் மேற்கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக உள்ளது. அது மின்சாரச் செலவைச் சொல்கிறது. அதே பெட்டியில், மென்பொருள் ஆதரவு முடியும் ஆண்டையும் இணையமின்றிக் கருவி இயங்குமா என்பதையும் அச்சிடச் செய்ய முடியும். அதுவரை, இவ்விரண்டையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதும், பழைய கருவியை மாற்றும் முன் அதற்குப் பிரிட்ஜ் உண்டா என்று விசாரிப்பதும் வாங்குவோரின் பொறுப்பாகவே நீடிக்கும்.