தொடாதே என்னாதீர்!

கணினி அறையில் பாடப்படம் ஓடுகிறது. திரையில் ஆசிரியையின் உதடுகள் அசைகின்றன. ஓசை மட்டும் வரவில்லை. உடனே எழும் குரல், “யாரும் தொடாதீர்கள், சர்வீஸ் செய்பவர் வரட்டும்!” என்பதே. இவ்வழக்கம் மாணவியராகிய நமக்கு நன்மை செய்வதன்று என்பது என் கருத்து.

ஓசை நின்றுவிட்டால் கணினி கெட்டுவிட்டது என்று பொருளன்று. ஆன்ம சோதனை செய்வதுபோல ஒவ்வொன்றாய் ஆராய்ந்தால், பல வேளைகளில் காரணம் நம் கண்முன்னே இருக்கும்.

முதலில் ஒலிபெருக்கி. அதற்கு மின்சாரம் வருகிறதா? அதன் திருகு குறைத்து வைக்கப்பட்டுள்ளதா?

அடுத்து, கணினிப் பெட்டியின் பின்புறம். அங்கே ஒரே அளவில் சிறு துளைகள் உண்டு. பச்சை ஒலிபெருக்கிக்கு உரியது. இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. தூசி துடைக்கும்போது கழன்ற ஒயரை இளஞ்சிவப்பில் செருகிவிட்டால் ஓசை எங்ஙனம் வரும்?

மூன்றாவது, திரை. விண்டோஸ் கணினியில் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதன் அருகே பெருக்கல் குறி இருந்தால் ஒலி அடைக்கப்பட்டுள்ளது என அறியலாம். குறி இல்லையேல், ஒலி எக்கருவிக்குச் செல்கிறது என்று அங்கேயே பார்க்கவேண்டும். எச்.டி.எம்.ஐ. ஒயரால் திரையை இணைத்திருந்தால், கணினி சில சமயம் ஒலியையும் அத்திரைக்கே அனுப்பிவிடும். திரையில் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் மௌனந்தான்! பட்டியலில் நம் ஒலிபெருக்கியைத் தேர்ந்தால் போதும்.

பின்னர் வேறொரு பாடலை ஓடவிட்டுப் பார்க்கலாம்; கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். நான்கை ஒருசேர மாற்றினால், ஓசை வந்தாலும் காரணம் விளங்காது. பெட்டியைத் திறப்பது நம் வேலையன்று. அதற்குமேல் சர்வீஸ் செய்பவரை அழைத்து, நாம் பார்த்தவற்றைச் சொன்னால் அவர் வேலையும் எளிதாகும்.

இது ஓசையைப் பற்றிய சிறு செய்திதானே என்று எண்ணவேண்டாம். பல வீடுகளில் அண்ணன் தொட்டால் “கற்றுக்கொள்கிறான்” என்கிறார்கள். தங்கை தொட்டால் “கெடுத்துவிடுவாள்” என்கிறார்கள். இந்தச் சொல்லே நாளடைவில் அவள் உள்ளத்தில் அச்சமாய் உறைந்துவிடுகிறது.

1965ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்மணி யார் தெரியுமா? அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்னும் கன்னியாஸ்திரியே! பின்னர் அவர் அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடத்தினார். துறவுடை அணிந்த கைகளுக்கு உரிய இயந்திரம், பள்ளிச் சீருடை அணிந்த கைகளுக்கு ஆகாததா?

ஆகவே, மதிப்பிற்குரிய அருட்சகோதரியரையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறேன். சோதிக்கவேண்டிய முறையை ஓர் அட்டையில் எழுதிக் கணினி அறைச் சுவரில் தொங்கவிடுங்கள். வாரம் இரு மாணவியரை அதற்குப் பொறுப்பாக்குங்கள். “தொடாதே” என்பதற்குப் பதிலாக “முறைப்படி பார்” என்று சொல்லுங்கள். தோழியரே, நாமும் அச்சொல்லுக்குத் தகுந்தவர்களாய்ப் பொறுமையோடு கற்போம்.