மீனாட்சி அரசிக்குக் கொடுத்த வாக்கு

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சரக்கெடுக்க வரும் நம் சகோதரர்கள் காணும் மலைக்கோட்டை நிழலில்தான், மதுரை நாயக்கர் வமிசத்தின் கடைசி அரசி மீனாட்சி ஆட்சி புரிந்தார். 1732-இல் கணவர் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையின்றி மறையவே, உறவினர் பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தார். பெற்ற தந்தையே அரியணைக்கு உரிமை கோரினார்!

ஆர்க்காட்டுப் படையுடன் வந்த சந்தா சாஹிபிடம், ஒரு கோடி ரூபாய் தர இசைந்து அரசி பாதுகாப்பு வேண்டினார். அவரும் குர்ஆன்மீது சத்தியம் செய்தாராம். துணியில் பொதிந்திருந்தது செங்கல்தான் என்றும் கதையுண்டு. செங்கல்லாயின் என்ன? அரசி நம்பியது அவருடைய நாவையன்றோ!

1736-இல் கோட்டை அவர் வசமாயிற்று. சிறைப்பட்ட அரசி நஞ்சுண்டு மாண்டார் என்பர். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் முற்றுகைக்குள்ளான சந்தா சாஹிப், அபயம் தருவதாக வாக்களித்த தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்தார்; அங்கேயே கொல்லப்பட்டார்.