போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் காலி! - 'சிங்க்' செய்யும் முன் கவனிங்க!

போன் தொலைந்த பிறகுதான் பலருக்கும் உறைக்கும், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் வேறெங்குமே இல்லை என்பது. மெமரி ஃபுல் என்று போன் அலறும்போதும் இதே கவலைதான்.

இதற்குக் கைகொடுக்கிறது 'சிங்க்திங்'. 2013-ல் அறிமுகமான இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். கணக்கு, சந்தா எதுவும் வேண்டாம். படங்கள் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் சேமிக்கப்படாமல், போனிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கே போய்விடும்.

எப்படி இணைப்பது?

* விண்டோஸ், மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சிங்க்திங்கை இன்ஸ்டால் செய்யுங்கள். அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 இறுதியில் நிறுத்தப்பட்டதால், எஃப்-டிராய்டு தளத்தில் 'சிங்க்திங்-ஃபோர்க்' ஆப்பை எடுக்கலாம்.

* கம்ப்யூட்டர் காட்டும் க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரிலும் அனுமதி கொடுங்கள்.

* போனின் கேமரா ஃபோல்டரைப் பகிருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருந்தால், புதுப் படங்கள் தானாகப் போய்ச் சேரும்.

இங்கேதான் கவனம் தேவை. 'சிங்க்' வேறு, 'பேக்கப்' வேறு. இடம் போதவில்லை என்று போனில் படங்களை அழித்தால், கம்ப்யூட்டரிலும் அவை அழிந்துவிடும்!

இதைத் தவிர்க்க, கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரின் செட்டிங்ஸுக்குப் போய், 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதியில் 'ட்ராஷ் கேன்' முறையைத் தேர்ந்தெடுங்கள். போனில் அழித்த படம், கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் 0 என்றிருந்தால், அது தானாக நீக்கப்படாது.

முதலில், தேவையில்லாத ஒரு படத்தை அழித்துச் சோதித்துப் பாருங்கள். முக்கியமான படங்களை பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டால், நிம்மதி!