பிள்ளைகளுக்கு எழுதத் தலைநகர் வேண்டுமா?

செமோரில் தமிழ்க் கட்டுரை நன்றாக எழுதும் மாணவரிடம் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “எழுத்தாளராக வேண்டுமா? கோலாலம்பூருக்குப் போ.” நாளிதழ்கள் அங்கே இருக்கின்றன, மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் அங்கே இருக்கிறது, நூல் வெளியீடுகளும் பெரும்பாலும் அங்கேதான். ஈப்போவில் இரயிலேறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைகளுக்காக எழுத நினைப்பவர்கள் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அழ. வள்ளியப்பாவின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். நம் தமிழ்ப்பள்ளிகளிலும் பல தலைமுறைப் பிள்ளைகள் அவருடைய பாடல்களைக் கைதட்டிப் பாடியிருக்கிறார்கள். 1922இல் புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள இராயவரத்தில் பிறந்தவர். பள்ளிக்கு நடந்து போகும் வழியில் கண்ட திரைப்படக் கொட்டகை விளம்பரத்தை வைத்துச் சிறு வயதிலேயே பாட்டுக் கட்டினார் என்பர். பள்ளிப் படிப்புக்கு மேல் படிக்க வீட்டில் வசதி இல்லை. 1940இல் சென்னைக்குச் சென்று ‘சக்தி’ இதழ் அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார். எழுத்தாளராக அல்ல, காசாளராக! அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. அந்த இளைஞரை எழுதச் சொல்லி ஊக்கமூட்டினார். முதல் கதை பிறந்தது. பட்டணம் அவருக்குத் தந்த பெரிய கொடை அதுதான்: எழுதியதைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல, பக்கத்து மேசையில் ஓர் ஆள்.

ஆனால், பட்டணம் அவருக்குச் சோறு போடவில்லை, வங்கிதான் போட்டது. 1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தவர், பணி ஓய்வு பெறும்வரை வங்கி ஊழியராகவே இருந்தார். பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் பாட்டு. இப்படித்தான் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை எழுதினார். சிறுவர் இதழ்களுக்கும் ஆசிரியராக இருந்தார். எழுத்தையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று கனவு காணும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலக்கியக் கூட்டங்களில் நாவலுக்கும் கவிதைக்கும் முன்வரிசை; குழந்தை நூலுக்குக் கடைசி வரிசை. இது நேற்றைய வழக்கம் மட்டுமன்று, இன்றும் அப்படித்தான். “குழந்தைகளுக்குத்தானே எழுதுகிறார்” என்று சொல்வோர் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். வள்ளியப்பா அதற்காக முகம் சுளித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. குழந்தைகளுக்கு எழுதுவோரை ஒன்றுதிரட்டி 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் மாநாடுகள் நடத்தியது; பரிசுகள் தந்தது; யார் யார் எழுதுகிறார்கள் என்ற விவரத்தைக்கூட நூலாகத் தொகுத்தார்கள். இலக்கிய உலகில் தமக்கென்று ஒரு திண்ணை இல்லை என்று கண்டவர்கள், தாங்களே ஒரு திண்ணையைக் கட்டிக்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லாரும் பட்டணம் போகத்தான் வேண்டுமா? கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பிறந்த நண்பர்கள் இருவர். கு. அழகிரிசாமி சென்னைக்குப் போனார். அவரும் ‘சக்தி’யில் வேலை பார்த்தார். பிறகு 1953 முதல் 1957 வரை கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக இருந்து, நம் நாட்டு இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். மற்றவர் கி. ராஜநாராயணன். அவர் நெடுங்காலம் ஊரிலேயே இருந்தார். பறவைகளோடு திரியும் சிறுவனின் கதையான ‘பிஞ்சுகள்’ அந்தக் கரிசல் மண்ணிலிருந்து வந்தது. அதை ஊரை மறந்தவர் எழுதியிருக்க முடியாது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழ் மாணவர்களுக்காக ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை நடத்தியது. தோட்டப்புறப் பிள்ளைகள் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பிய எழுத்துகள் அதில் அச்சேறின. யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. இலக்கியச் சமூகமே அஞ்சல்வழியாகத் தோட்டத்துக்கு வந்தது. குழந்தைப் பாடல்களுக்குப் பெயர்பெற்ற முரசு நெடுமாறன் கேரித் தீவில் பிறந்து தமிழாசிரியராகப் பணியாற்றியவர். வகுப்பறையில் பிள்ளைகள் எதற்குச் சிரிப்பார்கள் என்பதைத் தமிழாசிரியரைவிட யார் அறிவார்?

செமோரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊருக்குப் பக்கத்தில் கந்தான் சுண்ணாம்புக் குன்று இருக்கிறதே, அதன் குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. இதுவரை அந்தக் குன்றில் மட்டுமே காணப்பட்ட இனம் அது. குகைச் சுவரில் பட்டுநூலால் குழாய்போல் வீடு கட்டி, அதற்குக் கதவும் வைத்துக்கொள்கிறது. வாசலைச் சுற்றி நூலிழைகளை நீட்டி வைத்திருக்கிறது. ஏதேனும் பூச்சி இழையில் கால் வைத்தால், அதிர்வு உள்ளே எட்டுகிறது; கதவு திறக்கிறது! அந்தச் சிலந்தியின் மூதாதையர் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உலகில் இருந்தவர்கள். அதே குன்றில்தான் நெடுங்காலமாகக் கல் உடைக்கிறார்கள். அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு நத்தைக்கு 2014இல் அறிவியல் பெயர் சூட்டியபோது, கல் உடைத்த நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள் அறிஞர்கள். இதைவிடச் சுவையான சிறுவர் கதைக்கு வேறு என்ன கரு வேண்டும்?

நம் பிள்ளைகள் வாசிக்கும் தமிழ்க் கதைப்புத்தகங்களில் காவிரி வருகிறது, மெரினா வருகிறது. வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால், பால்மரக் காடு செம்பனையாக மாறியதையும், தோட்டத்து வீடுகளைவிட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்ததையும், வீட்டு வாசலிலிருந்தே தெரியும் வெள்ளைக் குன்றையும் அவர்கள் எந்தப் புத்தகத்தில் பார்ப்பார்கள்? கோலாலம்பூரில் இருப்பவர் இதை எழுதித் தருவார் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே, எழுத விரும்பும் செமோர் மாணவர் தலைநகருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பக்கத்து மேசையில் ஓர் ஆள் மட்டும் கட்டாயம் வேண்டும். அவர் தமிழாசிரியராக இருக்கலாம். ஈப்போ நூலகத்தில் சந்திக்கும் நண்பராக இருக்கலாம். எழுதி முடித்ததும் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அனுமதி கேட்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர்கள் சன்னல் பக்கம் திரும்புகிறார்களோ, அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.