பாட்டை விலக்கிய பாடகர்

வீணை எஸ். பாலசந்தர் என்றதும் இசை ரசிகர்களுக்கு மரபோடு ஓயாமல் வாதிட்ட ஒரு வைணிகர் நினைவுக்கு வருவார். திரைப்பட ஆர்வலர்களுக்கோ ‘அந்த நாள்’ இயக்குநர். இருவரும் ஒருவரே என்று அறிந்தவர்களும் அவரைத் துண்டாக்கியே பேசுகிறார்கள். இப்பிரிவினையால் அவரது திரைச்சாதனை சரியாக விளங்கிக்கொள்ளப்படவில்லை என்பது என் எண்ணம்.

1927இல் பிறந்த பாலசந்தர் திரைக்கு வந்தது குழந்தை நட்சத்திரமாக. 1934இல் வெளியான பிரபாத் நிறுவனத்தின் ‘சீதா கல்யாண’த்தில் தந்தை சுந்தரம் ஐயர் ஜனகர், அண்ணன் எஸ். ராஜம் இராமன், அக்காள் ஜெயலட்சுமி சீதை. பாலசந்தருக்கு இராவணன் அவையில் இசைக்கும் சிறுவன் வேடம். இசையமைத்தவர் பாபநாசம் சிவன். பாடத் தெரியாதவர் நடிக்க இயலாதிருந்த காலம் அது. திரைப்படம் என்பதே பாட்டு என்றிருந்த வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளை அவர்.

அந்தப் பிள்ளை இருபத்தொரு வயதில் ‘என் கணவர்’ (1948) படத்தை இயக்கினார். நடித்து இசையும் அமைத்தார். ‘கைதி’ (1951) தொடர்ந்தது. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில், ஜாவர் சீதாராமனின் எழுத்தில் ‘அந்த நாள்’. பாட்டில்லாத முதல் தமிழ்ப் பேசும்படம்.

குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) இதற்குத் தூண்டுதல் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் பல கோணங்களில் கதை சொல்லும் உத்தியை எங்கிருந்தும் பெறலாம். பாட்டை விலக்கும் துணிவை அவ்வாறு பெறவியலாது. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டின் பின்னணியில் ஒரு வானொலிப் பொறியாளரின் கொலையை விசாரிக்கும் படம் அது. ஒவ்வொரு வாக்குமூலமும் ஐயத்தை அடுத்தவர்மேல் நகர்த்துகிறது. நடுவே ஒரு பாட்டு வந்திருந்தால் அவ்விழை அறுந்திருக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவனே நல்ல வித்வான். பாலசந்தரின் மறுப்பு இசையை வெறுத்தவரின் மறுப்பன்று. அதன் வலிமையை அறிந்தவரின் கட்டுப்பாடு. ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவர்களுக்கு இப்படத்தைத் திரையிட்டபோது, பாட்டில்லை என்பதையே பலர் படம் முடிந்த பிறகுதான் உணர்ந்தார்கள்.

அவர் பாட்டின் பகைவரல்லர் என்பதற்கு ‘பொம்மை’யே (1964) சான்று. வெடிகுண்டு வைத்த பொம்மை கைமாறிக்கொண்டே செல்லும் அக்கதையில் கே. ஜே. யேசுதாஸைத் தமிழில் பாடவைத்தவர் அவர்தான். ‘அவனா இவன்’ (1962), ‘நடு இரவில்’ (1970) ஆகியவற்றோடு அவரது இயக்குநர் வாழ்வு ஏறத்தாழ நிறைவுற்றது. பிறகு வீணை, 1982இல் பத்மபூஷண், 1990இல் மறைவு.

குழந்தை நட்சத்திரமாக இருந்து இயக்குநரானவர் என்றால் இன்று எவரும் கமல்ஹாசனையே சுட்டுவர். அதில் பிழையில்லை. ஆனால் அவர் ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) அறிமுகமாவதற்கு ஆறாண்டுகள் முன்பே, அதே ஏவி.எம். நிறுவனத்தில் இன்னொரு முன்னாள் குழந்தை நட்சத்திரம் தன்னை வளர்த்த மரபையே கேள்வி கேட்டுவிட்டார்.

‘வீடு’ (1988), ‘குருதிப்புனல்’ (1995) என்று பாட்டில்லாப் படங்கள் பின்னர் வந்தன. எனினும் ‘முதல் பாடலில்லாப் படம்’ என்ற பட்டத்தைச் சூட்டி ‘அந்த நா’ளை நாம் பொதுஅறிவு வினாவாக்கிவிட்டோம். அது வினாவுக்குரிய விடையன்று, பாடம். ஒரு கலைஞன் தனக்கு மிக எளிதாகக் கைவந்ததை, படைப்பு வேண்டாததால் ஒதுக்கிவைத்தான். எழுதுகிற நமக்கும் அதில் கற்பதற்கு உண்டு.